இரத்மலானையில் மூன்று நாள்



பிரயாணக் கட்டுரை என்றதும் மக்காவையும் மதீனாவையும் அல்லது மலைநாட்டுக் குளிரையும் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது இரத்மலானையைப் பற்றி. கொழும்பிலிருந்து தெற்கே காலி வீதி வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் வரும் ஊர் இது. தொழிற்சாலைகளும் பட்டறைகளும் ஒரு விமான நிலையமும் நிறைந்த இடம். அழகு பார்ப்பதற்கென்று யாரும் தேடிப் போகமாட்டார்கள். ஆனால் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு தாய் அங்கே மூன்று நாள் தங்கினால், அவள் பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. நான் பார்த்தேன். அதில் பாதி இரத்மலானையில் இருந்தது, மீதி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கிழக்கு மாகாணத்தில், கல்முனைப் பக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். இளையவன் மகன். உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்தில் சித்தியடையவில்லை. மற்ற இரண்டிலும் சாதாரண சித்திதான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் எப்படிச் சொல்லிவந்தேன் என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். கல்யாண வீட்டில், மௌத்து வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில் யார் கேட்டாலும், "மகள் எஞ்சினியருக்குப் படிக்கிறா, மொரட்டுவை கெம்பஸ்ல" என்று நிமிர்ந்து சொல்வேன். "மகன்?" என்று அடுத்த கேள்வி வந்தால், "அவன் சின்னவன்தானே, இன்னும் பார்க்கணும்" என்று பேச்சை மாற்றிவிடுவேன். சின்னவன் என்னைவிட ஒரு சாண் உயரம்!

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவன் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தான். இரத்மலானைப் பக்கமாகக் காலி வீதியில் இருக்கும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்துக்கு. எல்லோரும் 'ஜெர்மன் டெக்' என்றுதான் சொல்வார்கள். மோட்டார் வாகனத் தொழில் படிக்க ஆசையாம். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கடையை விட்டு அவனுடைய வாப்பாவால் வர முடியவில்லை. மகளையும் பார்த்ததாக இருக்கட்டும் என்று நானே அவனோடு புறப்பட்டேன். என் மனதுக்குள் உண்மையில் நான் போனது மகளைப் பார்க்க. மகனின் நேர்முகப் பரீட்சை போகிற வழியில் ஒரு வேலை, அவ்வளவுதான்.

கடலோரக் கோச்சி

இரவு பஸ் எங்களை விடியற்காலையில் கொழும்பில் இறக்கியது. சுபஹைத் தொழுதுவிட்டு கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம். தெற்கே போகும் கோச்சியில் ஏறினால் வலது பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, அதன் பிறகு இரத்மலானை. வழி நெடுகிலும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல். அலை பாறையில் மோதித் தெறித்தால் முகத்தில் ஈரம் படுமோ என்று தோன்றும். 1877இல் மொரட்டுவை வரை போட்ட பாதை இது.

காலை நேரத்தில் கொழும்புக்கு வரும் கோச்சிகளில்தான் நெரிசல். எதிர்த்திசையில் போகிற எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. மகன் என்னை யன்னலோரம் இருத்திவிட்டு, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தான்.

பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் போவதைக் கண்டேன். இந்தப் பம்பலப்பிட்டியில்தான் 1946இல் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. கேரளத்திலிருந்து வந்த ஆயிஷா ரவூஃப் அம்மையார் அதன் முதல் அதிபர். பிற்காலத்தில் கொழும்பின் பிரதி மேயராகவும் இருந்தவர். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே அறிஞர் சித்திலெப்பை முஸ்லிம் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகக் கண்டியில் பாடுபட்டார். அவர்கள் போட்ட பாதையில்தான் என் மகள் இன்று நடக்கிறாள். மகளைக் கெம்பஸுக்கு அனுப்பும்போது எங்கள் குடும்பத்திலும் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. "பொம்புளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புவாங்களா?" என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேரேயே கேட்டார். அப்போது நான் உம்மு சுலைம் (ரலி) அவர்களை நினைத்துக்கொண்டேன். பத்து வயது மகன் அனஸை (ரலி) நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்ய விட்டுவிட்டு வந்த தாய் அவர்கள். நல்ல இடம் என்று உறுதியானால் பிள்ளையை விட்டுக்கொடுக்க ஒரு தாய்க்குத் தைரியம் வரவேண்டும்.

அந்தத் தைரியத்தை நான் மகளுக்காக வரவழைத்துக்கொண்டேன். மகனுக்காக அப்படி ஒரு தேவை வந்ததாகவே நினைக்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஊரைச் சுற்றி

கல்கிசையைத் தாண்டியதும் கடல் வீடுகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இரத்மலானை நிலையத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு அபாயா, தோளில் பை, கையில் குடை. என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னாள். பிறகு, "வாங்க உம்மா, இந்தப் பக்கம்" என்று முன்னால் நடந்தாள். வீதியைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலர் பாடசாலைக்குப் போகும்போது நான் அவள் கையைப் பிடித்ததும் அதே மாதிரித்தான்.

அவள் தங்கியிருக்கும் போடிங் ஒரு விதவை மாமியின் வீடு. நம்மவர். நான்கு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மகரிபுக்கு முன் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்பது மாமியின் சட்டம். பிள்ளைகளை வெளியூரில் படிக்கவிடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: வாடகையை மட்டும் விசாரிக்காதீர்கள். வீட்டுக்காரர் யார், இரவு பஸ்ஸிலிருந்து இறங்கி எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், தண்ணீர் எப்படி, தொழ இடமுண்டா என்று போய்ப் பாருங்கள்.

இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். பேட்டையிலிருந்து வரும் 100, 101ஆம் இலக்க பஸ்கள் ஓயாமல் ஓடும் காலி வீதிதான் ஊரின் முதுகெலும்பு. மலிபன் பிஸ்கட் தொழிற்சாலை இருக்கும் சந்திக்கு 'மலிபன் சந்தி' என்றே பெயர். நாட்டில் ஓடும் ரயில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்கும் ரயில்வேயின் பெரிய பட்டறை இரத்மலானையில்தான் இருக்கிறது. வீதியின் இருபுறமும் இரும்புச் சாமான் கடைகளும் வாகனம் திருத்தும் இடங்களும். என் மகன் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் கொஞ்சம் மெதுவாக நடந்தான்.

இரத்மலானையின் பெரிய அடையாளம் விமான நிலையம். 1935 நவம்பர் 27ஆம் திகதி முதல் விமானம் இங்கே வந்து இறங்கியது. எங்கிருந்து தெரியுமா? சென்னையிலிருந்து! சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஓட்டிவந்த சிறிய விமானம் அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி 'எயார் சிலோன்' தன் முதல் பயணத்தை இங்கிருந்தே தொடங்கியது. காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது அந்த விமானம். கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை நம் நாட்டின் வாசல் இதுதான். மேல்படிப்புக்கு வெளிநாடு போன அந்தக் காலத்துப் பிள்ளைகளை எத்தனை தாய்மார் இங்கே நின்று வழியனுப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

மகளின் கெம்பஸ்

பிற்பகலில் கட்டுபெத்தைக்குப் போனோம். இரத்மலானையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1960இல் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கி, 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1978இல் தனிப் பல்கலைக்கழகமானது. பின்னால் பொல்கொடை ஏரி. மர நிழலில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள்.

என் மகள் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி, உள்ளே என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள் என்று விளக்கினாள். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வழியில் ஒரு சிங்களப் பிள்ளை இவளைக் கூப்பிட்டு ஏதோ கணக்குக் கேட்டாள். இவள் அங்கேயே சுவரில் கொப்பியை வைத்து எழுதிக்காட்டினாள். ஊரில் இருந்தபோது கடைக்குப் போய்ச் சீனி கேட்கவும் கூச்சப்பட்ட பிள்ளை! மாஷா அல்லாஹ், தபாரகல்லாஹ் என்று வாய்க்குள் ஓதிக்கொண்டேன். கண் பட்டுவிடக்கூடாதே என்ற பயமும் கூடவே இருந்தது.

மகன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்த இடத்தைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் கண்ட தாய்

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு சிங்களத் தாய். பக்கத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பையன். இருவரும் கைகளாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் ஏதோ சொல்ல, அந்தத் தாய் சத்தமாகச் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து என்னையும் பார்த்துச் சிரித்தார்.

இரத்மலானையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பாடசாலை இருப்பதை மகள் சொன்னாள். 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய பாடசாலை. காது கேளாதோருக்கும் கண் தெரியாதோருக்கும் நம் நாட்டில் எழுந்த முதல் பாடசாலை அது. மகள் அந்தத் தாயோடு சிங்களத்தில் கதைத்தாள். எனக்குத் தமிழில் சொன்னாள்: "போன கிழமைதான் முதல் தடவையா இவர் தனியா பஸ் மாறி வீட்டுக்குப் போயிருக்கார், உம்மா. அதைப் பத்தித்தான் செல்றாங்க."

அந்தத் தாயின் முகத்தை நான் திரும்பப் பார்த்தேன். மகள் கெம்பஸுக்குத் தெரிவான அன்று என் முகம் எப்படி இருந்ததோ, அதே முகம்! ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறிய மகனுக்காக. அந்தப் பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவுகோலை அவர் எடுக்கவே இல்லை.

எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது. ஆனாலும் பஸ்ஸால் இறங்கியதும் மறந்துவிட்டேன்.

வாத்தியாரின் இருக்கை

இரண்டாம் நாள் காலையில் நேர்முகப் பரீட்சை. இந்தப் பயிற்சி நிலையம் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. வாசலில் நின்ற பிள்ளைகளின் முகங்களில் எல்லாம் ஒரே பதற்றம். என் மகன், "நீங்க நிழல்ல இருங்க உம்மா, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு பைலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். "எப்படி மகன்?" என்றேன். "ஒழுங்காச் செஞ்சேன். மத்தது அல்லாஹ்ட கையில" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அஸருக்கு முன் நேரம் இருந்தது. மகன் ஆசைப்பட்டதால் விமானப்படை அரும்பொருட்காட்சியகத்துக்கு ஓட்டோவில் போனோம். 2009இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடம். பழைய விமானங்களைக் கொட்டகைகளிலும் வெளியிலும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு இரத்மலானைக்குப் போனால் தவறவிடாதீர்கள்.

அங்கே என் மகன் வேறு ஆளாகிவிட்டான். வீட்டில் 'ம்', 'சரி' என்பதற்கு மேல் பேசாதவன் ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் நின்று விளக்கம் சொன்னான். 1951இல் நம் விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்தவை 'சிப்மங்க்' என்ற சிறிய பயிற்சி விமானங்கள்தானாம். "அதுல ரெண்டு சீட், உம்மா. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. முன்னுக்குப் படிக்கிற ஆள், பின்னுக்கு வாத்தியார். வாத்தியாருக்கும் ஓட்டுற பிடி இருக்கு. பொடியன் பிழை விட்டா அவர் பின்னால இருந்தே சரிப்படுத்துவார்."

"அப்போ வாத்தியார் எப்பவும் கூட இருப்பார்தானே?" என்று கேட்டேன்.

"இல்லியே! ஒரு நாளைக்கு வாத்தியார் இறங்கிருவார். 'நீ தனியா ஒரு சுத்துச் சுத்திட்டு வா' எண்டு செல்லுவார். அவர் கீழ நிண்டு பாத்துக்கிட்டிருப்பார். அதுதான் பெரிய பரீட்சை."

"யாருக்கு?" என்று மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "பொடியனுக்கா, வாத்தியாருக்கா?"

இரத்மலானையில் இன்றைக்கும் விமானம் ஓட்டப் பழக்கும் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. நாங்கள் வெளியே வரும்போது ஒரு சின்ன விமானம் தாழ்வாகப் பறந்து போனது. உள்ளே ஒருவர் இருந்தாரா, இருவர் இருந்தாரா என்று கீழேயிருந்து தெரியவில்லை.

தண்ணி மோட்டர்

அன்றிரவு போடிங்கில் தண்ணீர் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டர், போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. நான்கு பிள்ளைகள், நாங்கள், மாமி. மறுநாள் விடிந்தால் வுளூ செய்யவும் தண்ணீர் இருக்காது. மாமி ஒரு பாஸுக்கு போன் எடுத்தார். எங்கள் நாட்டில் வேலைக்கு வரும் கைவினைஞரை 'பாஸ்' என்போம். அவர் நாளை மறுநாள்தான் வரமுடியும் என்றார்.

மகன் வெளிவாசலில் வாப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்தான். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினான். மோட்டரின் மூடியைக் கழற்றி, போனின் வெளிச்சத்தில் பார்த்தான். "கெப்பாசிட்டர் போயிருக்கு மாமி. மோட்டர் நல்லாத்தான் இருக்கு. முதல்ல அதைச் சுத்தவைக்கிற தள்ளுதான் கிடைக்கல்ல" என்றான். பழையதைக் கவனமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு ஓடினான். கடையை மூடிக்கொண்டிருந்த சிங்கள முதலாளியிடம் சிங்களத்திலேயே பேசி, அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் மேலே ஏறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமி அவன் தலையில் கைவைத்து துஆ செய்தார். கூலி என்று நீட்டிய காசை அவன் தொடவில்லை.

நான் மகளிடம் மெல்லக் கேட்டேன். "இவன் இதெல்லாம் எங்க படிச்சான்?"

மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உம்மா, உங்களுக்கு 2022 ஞாபகம் இல்லியா?" என்றாள்.

சகோதரிகளே, 2022ஆம் ஆண்டை எங்கள் நாட்டில் யாரும் மறக்கமாட்டோம். எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மகளுக்கு அப்போது முதலாம் வருடம், விரிவுரைகள் வீட்டிலிருந்து இணையத்தில். கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் படிப்பு நின்றுவிடாமல், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பெட்டரியை எடுத்து, இணையப் பெட்டிக்கு வயர் கொடுத்தவன் தம்பி. தெருமுனையில் இருந்த வாகனப் பட்டறையில் பின்னேரங்களில் வேலை பார்த்து அந்த பெட்டரியைக் கேட்டு வாங்கியிருக்கிறான். எரிவாயு வரிசையில் விடிய விடிய நின்றவனும் அவன்தான். வாப்பாவுக்கு முழங்கால் வலி, நான் நிற்கமுடியாது, ராத்தாவுக்குப் படிப்பு.

"அந்த வருஷம் அவனுக்கும் ஏ.எல். உம்மா" என்றாள் மகள். "நான் படிக்க அவன் வரிசையில நிண்டான். நான் கெம்பஸ்ல பாஸ் பண்ணினப்போ நீங்க ஊருக்கெல்லாம் வட்டிலப்பம் குடுத்தீங்க. அவன்ட ரிசல்ட் வந்த அண்டைக்கு நீங்க சமைக்கவும் இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

நீதி

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களைப் பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார். அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாய் விரும்பினார். தந்தை போய்க் கேட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்கும்படி சொல்லிவிட்டார்கள். தந்தை கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

நாமெல்லாம் இந்த ஹதீஸைக் கேட்டால் காணியையும் நகையையும்தான் நினைப்போம். நான் என் பிள்ளைகளுக்கு உடுப்பிலும் சாப்பாட்டிலும் வித்தியாசம் காட்டியதே இல்லை. ஆனால் பெருமை? அதை முழுவதும் ஒருத்திக்கே எழுதிக்கொடுத்துவிட்டேனே! ஒரு பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்வதும் அன்பளிப்புத்தான். இன்னொரு பிள்ளையின் பெயர் வரும்போது பேச்சை மாற்றுவது அந்தப் பிள்ளையின் பங்கைப் பறிப்பதுதான். அவன் எத்தனை தடவை என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருப்பான்!

இன்னொன்றும் விளங்கியது. கைத்தொழில் என்றால் நாம் ஏன் குரலைத் தாழ்த்துகிறோம்? நூஹ் (அலை) கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) இரும்பில் கவசம் செய்தார்கள்; தம் கை உழைப்பில் உண்டார்கள். ஜகரிய்யா (அலை) தச்சுத் தொழில் செய்தார்கள். நபிமார்களின் கையில் இருந்த தொழில் என் மகனின் கையில் இருந்தால் எனக்கு என்ன குறைவு? லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன உபதேசங்களில் பூமியில் கர்வத்தோடு நடக்கக்கூடாது என்பதும் ஒன்று. மகளைக்கொண்டு நான் பட்டது சந்தோஷமா, கர்வமா? இரண்டும் கலந்திருந்தது என்றே அந்த இரவில் எனக்குப் பட்டது. சந்தோஷம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வைக்கும். கர்வம் அடுத்தவர் முகத்தைத் தேட வைக்கும்.

தஹஜ்ஜுத் தொழுதேன். புதிய கெப்பாசிட்டர் போட்ட மோட்டர் ஏற்றிய தண்ணீரில்தான் வுளூ செய்தேன்.

விடைபெறும்போது

மூன்றாம் நாள் காலையில் மகனை அழைத்துப் பக்கத்தில் இருத்தினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தாய்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் நமக்கில்லையே. "நீ வரிசையில நிண்டதையெல்லாம் உம்மா மறந்துட்டேன் வாப்பா" என்றேன். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையைச் செல்லமாக 'வாப்பா' என்றே கூப்பிடுவோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கென்ன உம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். ஆண்பிள்ளைகள் இப்படித்தான். ஆனால் அந்தத் தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மகள் இரத்மலானை நிலையம் வரை வந்தாள். கோச்சி புறப்பட்ட பிறகும் மேடையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். முதலாம் வருடத்தில் அவளை விட்டுவிட்டு வரும்போது வழியெல்லாம் அழுதவள் நான். இந்தத் தடவை அழவில்லை.

மகனுக்கு இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். சேரவேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு நானும் அவனுடைய வாப்பாவும் பஸ் நிலையத்துக்குப் போனோம். கூட வரட்டுமா என்று வாப்பா கேட்டார். "வாணாம் வாப்பா, வழி தெரியுந்தானே" என்றான். எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்த விமானக் கதை நினைவுக்கு வந்தது. வாத்தியார் இறங்கவேண்டிய நேரம் இது. ஆயத்துல் குர்ஸியை ஓதி அவன் தலையில் ஊதினேன். பஸ் புறப்பட்டது. வளைவில் திரும்பி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பஸ் நிலையத்தில் எங்கள் தெருச் சகோதரி ஒருத்தி, "யார் போறது, மகளா?" என்று கேட்டார்.

"இல்ல, மகன்" என்றேன். "ஜெர்மன் டெக்கில மோட்டார் வேலை படிக்கப் போறார். மகளும் அங்கிட்டுத்தான் எஞ்சினியருக்குப் படிக்கிறா." இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னேன்.

என் அன்புச் சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் நீங்கள் சபையில் பெயர் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கலாம். பரீட்சைப் பெறுபேற்றில் காணாத அந்தப் பிள்ளையின் வளர்ச்சியை வீட்டில் எங்காவது காண்பீர்கள். குழாயைத் திறக்கும்போதும் காணலாம். தேடிப் பாருங்கள். கண்டால் அதை வாய் திறந்து அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். கண்குளிர்ச்சி தரும் பிள்ளைகளைக் கேட்டு நாம் துஆ செய்கிறோம். தந்திருக்கும் குளிர்ச்சியைக் காணும் கண்ணையும் சேர்த்துக் கேட்போம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "உம்மா, வந்து சேர்ந்துட்டேன். ராத்தா ஸ்டேசனுக்கு வந்திருக்கா. சாப்பிட்டீங்களா?"

வஸ்ஸலாம்.